நான்கு குழுவுக்கும் ஒரே பிள்ளை

பின்தங்கியவர்களைக் கண்டுபிடிப்பது இலேசான வேலையல்ல. அவர்கள் ஊர் முழுக்க இருப்பதால் வருகிற சிக்கல் அது. எங்கும் இருக்கும் ஒன்றை எங்கே என்று போய்த் தேடுவது? ஆகவே மன்னார்க் கரையோரத் தொழிற்பயிற்சி நிலையம் அதற்கென்றே கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தது. அவருடைய பெயர் பெனடிக்ற். குளிரூட்டிய வாகனத்தில் வந்து இறங்கினார், வெயிலை ஒருமுறை பார்த்தார், மண்டபத்துக்குள் போனார், பின்தங்கிய மாணவர்கள் நான்கு குழுவினர் என்று அறிவித்தார். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு நண்டு உண்டா என்று விசாரித்தார்.

போரால் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு குழு. மாற்றுத்திறனாளிகள் இன்னொன்று. பெண் தலைமை தாங்கும் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்றாவது. ஆண்கள் மட்டுமே படித்துவந்த தொழிலைப் படிக்க வரும் பெண்கள் நான்காவது. இவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்து, கைகொடுத்துப் படிப்பித்து, சான்றிதழோடு வெளியே அனுப்புவதற்கு வெளிநாட்டு உதவியில் ஒரு செயற்றிட்டம் வந்திருந்தது. அதற்கு 'எவரும் பின்தங்கார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கைகொடுக்கும் வேலைக்கு எடித் நியமிக்கப்பட்டாள். அவள் பேசாலையில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது, சண்டையை விலக்குவது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொடுப்பது என்று, உதவி என்றால் என்னவென்று அவளுக்கு ஓரளவு தெரியும். அந்த அறிவு இங்கே தேவைப்படாது என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 'உள்ளீர்ப்பு ஆதரவு இணைப்பாளர்' என்று ஒரு பதவியும், கழுத்தில் தொங்க ஓர் அட்டையும், கந்தோரில் ஒரு கதிரையும் கொடுத்தார்கள். சம்பளம் முன்பள்ளியைவிட எவ்வளவோ மேல். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. திட்டம் வெற்றி என்று தெரிந்தால் நீடிப்பார்கள்.

எடித் பஸ் ஏறி வெள்ளாங்குளம் வரை போனாள். திரும்பி வரும் வழியில் இலுப்பைக்கடவையில் இறங்கினாள், பாப்பாமோட்டையில் இறங்கினாள். போன இடமெல்லாம் தாய்மார், "மிஸ், இது உண்மையா, இல்லாட்டி முந்தி வந்தாக்கள் மாதிரியா?" என்று கேட்டார்கள். உண்மை என்று அவள் மாதா மேல் ஆணையாகச் சொன்னாள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். நேர்முகத்தன்று ஒரு வான் நிறையப் பிள்ளைகள் வந்து நிலையத்து வாசலில் இறங்கினார்கள்.

பணிப்பாளர் அமிர்தநாயகம் ஒவ்வொருவரையும் பார்த்து எந்தக் குழு என்று மட்டும் கேட்டார். ஒருவன் போரால் பாதிக்கப்பட்டவன், ஆனால் இரண்டு காலும் நன்றாக இருந்தன. ஒருத்திக்குத் தகப்பன் இல்லை, ஆனால் தையல் படிக்கவே விரும்பினாள். இப்படி எல்லோரும் ஒவ்வொரு குழுவாகச் சில்லறையாக வந்துகொண்டிருந்ததில் பணிப்பாளர் களைத்துப்போனார். அப்போதுதான் டினோஜா உள்ளே வந்தாள்.

"சேர், இவ இலுப்பைக்கடவை," என்றாள் எடித். "நாலு வயசில ஷெல் பீஸ் பட்டது, இடது கால் கொஞ்சம் கட்டை. தகப்பன் கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை. தாய்தான் உழைச்சுப் பாக்கிறா. படகு இஞ்சின் திருத்தப் படிக்க விருப்பமாம்."

பணிப்பாளர் கதிரையை விட்டு எழுந்தார்.

"நாலும் இருக்கு!" என்றார். "எடித், நாலும் ஒரே ஆளில இருக்கு!"

உடனே ஆலோசகருக்குத் தொலைபேசி எடுத்தார். பெனடிக்ற் அந்தப் பக்கத்திலிருந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னது மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. நான்கு குழுவையும் நான்கு இடத்தில் வைத்துப் பராமரிப்பதைவிட ஒரே பிள்ளையில் பராமரிப்பது நிர்வாகத்துக்கு வசதி என்று முடிவாயிற்று. வானில் வந்த மற்றவர்களுக்கு அடுத்த கட்டத்தில் சொல்லப்படும் என்று சொல்லச் சொன்னார்கள். அதைச் சொல்லும் வேலை எடித்துக்குக் கிடைத்தது. வாசலில் நின்று சொன்னாள். அவர்கள் கோபிக்கவில்லை, "பரவாயில்லை மிஸ், வந்ததுக்கு ஊர் பாத்தம்" என்று சொல்லிவிட்டு வானில் ஏறினார்கள். ஆணையிட்ட வாய் என்பதால் எடித்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

டினோஜாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இலுப்பைக்கடவை மீனவர் சங்கம் கரையில் ஓர் இயந்திரத் திருத்தகம் கட்டிக்கொண்டிருந்தது. இயந்திரம் பழுதானால் மன்னாருக்கு ஏற்றிக்கொண்டு ஓடித் தொழில்நாளை இழக்கிற கஷ்டம் இனி வேண்டாம் என்று யோசித்திருந்தார்கள். என்.வி.கியூ என்ற தேசியத் தொழிற்சான்றிதழோடு வந்தால் கதவுத் திறப்பை உன் கையில் தருகிறோம் என்று சங்கத்தார் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தாய் செலீனா ஒரு கம்பனியில் நண்டு உடைக்கிறவள். ஓடு குத்திக் குத்தி விரல்கள் வீங்கி, செபமாலை உருட்டக்கூட மடங்காமல் போயிருந்தன. தாயை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் டினோஜா தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள்.

பொதுவாகச் சேர்ந்த மற்ற மாணவர்களோடு செய்முறை வகுப்பு செவ்வாயும் வியாழனும். நஸார் மாஸ்ரர் எடுத்தார். முதல் நாளே அவர் ஒரு விதியைச் சொல்லிவிட்டார்: செய்முறைக்கு நூற்றுக்கு எண்பது வரவு இல்லாதவர் மதிப்பீட்டுக்கு இருக்க முடியாது. இது அவர் போட்ட விதியல்ல, நாடு முழுக்க உள்ள விதி. டினோஜா முதல் இரண்டு மூன்று வகுப்புக்கு வந்தாள். பழைய இயந்திரம் ஒன்றைக் கழற்றிப் பூட்டி, கயிற்றை இழுத்து அது உறுமி எழும்பியபோது அவள் சிரித்த சிரிப்பு கந்தோர் வரைக்கும் கேட்டது. எடித் தன் கதிரையில் இருந்தபடி அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டாள். அந்த வருடத்தில் அவள் நிறையச் சந்தோசப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

பிறகு உதவி தொடங்கியது.

மன்னாருக்கு விருந்தினர் வருவதற்கென்று ஒரு முறை உண்டு. திங்கள் புறப்பட்டு வருகிறவர்களுக்குச் செவ்வாய் விழா. புதன் புறப்பட்டு வருகிறவர்களுக்கு வியாழன் விழா. வெள்ளிக்கிழமை அவர்கள் தலைமன்னார் இறங்குதுறையையும் பறவைகளையும் பார்த்து, கருவாடு வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். புதன்கிழமையில் விழா வைக்கலாமே என்று எடித் ஒருமுறை கேட்டாள். பணிப்பாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

முதல் விழா சாய்தளத் திறப்பு. மாற்றுத்திறனாளிகள் ஏறி இறங்குவதற்கு நிலையத்தின் முகப்பில் சீமெந்தினால் ஒரு சாய்தளம் கட்டினார்கள். அது நேரே பணிப்பாளரின் கந்தோருக்குப் போனது. பட்டறை பின்பக்கம் இருந்தது, அதற்குப் படிகள்தான். பின்பக்கம் வெளிச்சம் காணாது, படம் சரியாக விழாது என்று காரணம் சொன்னார்கள். எடித் பட்டறை வாசலில் போய் நின்று கூப்பிட்டாள்.

"டினோஜா, ஒரு அஞ்சு நிமிசம் வாங்கோவன்."

டினோஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாய்தளத்தைப் பார்த்தாள்.

"மிஸ், எனக்குப் படிதான் லேசு. சரிவில இந்தக் கால் வழுக்கும்."

"ஒருக்கா மட்டும் பிள்ளை," என்றாள் எடித்.

பணிப்பாளர் மேலேயிருந்து சொன்னார், "வழக்கம்போல நடவும், பிள்ளை. பயப்பிடாதையும்." அவள் நடந்தாள். படப்பிடிப்பாளர் தலையை ஆட்டினார். "இன்னும் கொஞ்சம் வழக்கம்போல," என்றார் பணிப்பாளர். அவள் திரும்பவும் நடந்தாள். கால் தெளிவாகத் தெரியும்வரை வழக்கம்போல நடக்க வைத்தார்கள். பிறகு பணிப்பாளர் பேசினார்.

"இது வெறும் சீமெந்து இல்லை. இது எங்கட மனம். எங்கட நிலையத்தின்ர மனம் எந்தப் பக்கம் சாயவேணும் எண்டு கேட்டால், அது எப்பவும் விருந்தினர் நிக்கிற பக்கம்தான் சாயும் எண்டு நான் பெருமையோட சொல்லுவன்."

எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். டினோஜா பட்டறைக்குத் திரும்பியபோது மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது இயந்திரம். நிலையத்தில் மாணவருக்கு இருந்தது பழைய இயந்திரம் ஒன்றுதான், அதைச் சுற்றி ஒருவர் முதுகில் ஒருவர் தொங்கிக்கொண்டு படித்தார்கள். செயற்றிட்டம் புத்தம் புதிய படகு இயந்திரம் ஒன்றைக் கொடுத்தது. பொலித்தீன் சுற்றி, சிவப்பு றிபன் கட்டி, மண்டபத்தில் ஒரு மேடையில் வைத்தார்கள். றிபனை வெட்டப் பெரிய இடத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மாதங்கள் போயின, இயந்திரம் பொலித்தீனுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

"சேர், அதைத் திறந்து தந்தா என்ர பிள்ளையள் படிப்பினம்," என்று நஸார் மாஸ்ரர் கேட்கப் போனார்.

"மாஸ்ரர், நீங்கள் திறந்தா அது பழசாப் போயிடும். பழசை எப்பிடித் திறந்து வைக்கிறது?"

மாஸ்ரர் பழைய இயந்திரத்துக்கே திரும்பிப் போனார். பெரியவர் வராத குறையைத் தீர்க்கச் சிறியவர்கள் பலர் வந்தார்கள். அவர்களுக்கு இயந்திரத்தைக் காட்டுவார்கள், பக்கத்தில் டினோஜாவைக் காட்டுவார்கள். அவள் கையில் ஸ்பனர் சாவி ஒன்று இருக்க வேண்டும் என்று பெனடிக்ற் அபிப்பிராயப்பட்டார். பட்டறையில் இருந்ததில் பெரிய சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். "இது பைப் வேலைக்கானது சேர், இஞ்சினுக்கு இல்லை," என்றாள் டினோஜா. "படத்தில பெரிசாத் தெரியவேணும் மகள்," என்றார் அவர். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பதாகை அடித்து மண்டபச் சுவரில் தொங்கவிட்டார்கள். கீழே 'அவளால் முடியும்' என்று எழுதியிருந்தது. என்ன முடியும் என்று எழுதவில்லை, அவளுடைய பெயரையும் எழுதவில்லை. பெயர் போட்டால் அந்தரங்கம் கெடும் என்றார்கள். பணிப்பாளர் அவளைத் தொடக்கத்திலிருந்தே 'எங்கட பயனாளி' என்றுதான் கூப்பிட்டார்.

ஒவ்வொரு முறையும் பட்டறை வாசலில் போய் நின்றவள் எடித்தான். அஞ்சு நிமிசம் என்று சொன்னவளும் அவள்தான். அந்த ஐந்து நிமிடம் எப்போது முடியும் என்று அவளுக்குத் தெரியும். டினோஜா இயந்திரத்தின் மேல் குனிந்திருக்கும்போது அவளைக் கூப்பிட எடித்துக்கு நா எழாது. கதவில் விரலால் மெதுவாகத் தட்டுவாள். டினோஜா நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல், கையிலிருந்ததைப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிட்டு வருவாள். அந்த ஒன்றும் சொல்லாமையை எடித் வீட்டுக்கும் கொண்டுபோனாள், கோயிலுக்கும் கொண்டுபோனாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைப் பத்துக் கட்டளையில் எதன் கீழ் சொல்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பெனடிக்ற் அடுத்ததாக ஒரு செயலமர்வு வைத்தார். தலைப்பு, 'பின்தங்கிய மாணவரின் குரலுக்குச் செவிமடுத்தல்'. மன்னார் நகரத்து விடுதி ஒன்றில், செவ்வாய் முழு நாள். செவிமடுப்பவர்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பையும் பேனையும் கொடுக்கப்பட்டது. செவிமடுப்பதன் முக்கியத்துவம் பற்றிக் காலையில் தொடங்கி மாறி மாறிப் பேசினார்கள். குரலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய சிறு இடைவெளி ஒதுக்கப்பட்டிருந்தது. பேச வேண்டியதை ஆலோசகரே எழுதிக் கொடுத்திருந்தார். டினோஜா ஒலிவாங்கியைப் பிடித்தாள், தாளை மடித்தாள்.

"எனக்கு ஒண்டும் பெரிசா வேண்டாம்," என்றாள். "செவ்வாயும் வியாழனும் என்னை வகுப்பில இருக்க விட்டாப் போதும்."

மண்டபம் அமைதியாயிற்று. எடித்துக்கு ஒரு நிமிடம் நம்பிக்கைகூட வந்தது. பிறகு முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது, அதைப் பார்த்துப் பின்வரிசையும் எழுந்தது. பெனடிக்ற் கண்ணைத் துடைத்தார்.

"இதுதான்!" என்றார். "இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நாங்கள் இவ்வளவு செலவழிச்சு இங்க வந்தனாங்கள். வகுப்பில இருக்கிறது! எவ்வளவு ஆழமான தேவை! இதைச் சும்மா விடேலாது."

சும்மா விடவில்லை. 'வகுப்பில் இருப்பதற்குப் பின்தங்கியோர் எதிர்கொள்ளும் தடைகள்' என்று ஒரு தொடர் செயலமர்வு அங்கேயே தீர்மானமாயிற்று. செவ்வாயும் வியாழனும் நடக்கும். தடைகளை நேரில் அனுபவித்தவர் என்ற முறையில் டினோஜா எல்லா அமர்விலும் இருக்க வேண்டும். ஒழுங்குபடுத்துபவர் எடித்.

அப்போது டினோஜா மண்டபத்தில் எல்லோரையும் விட்டுவிட்டு எடித்தை மட்டும் பார்த்தாள். எடித் பிஸ்கற் தட்டைச் சரிசெய்தாள். எழுந்து, இது சரியில்லை என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். வாயைக் கட்டியது ஒருவருமில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது என்பது மட்டும் அவள் நினைவுக்கு வந்தது, அந்த நினைவு வந்ததற்காக அவளுக்குத் தன்னிலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பிஸ்கற்றை ஒழுங்காகத்தான் அடுக்கினாள்.

மதிப்பீட்டாளர் வரும் மாதம் நெருங்கியபோது நஸார் மாஸ்ரர் கந்தோருக்கு வந்தார்.

"மிஸ், டினோஜாவை என்னால அனுப்பேலாது. வரவு காணாது."

"அவ ஒரு நாளும் வராமல் நிக்கேல்லையே மாஸ்ரர். காய்ச்சலோடயும் வந்தவ."

"வந்தவதான். இங்க நிண்டவ. பட்டறையில நிக்கேல்லை."

"நான் கூப்பிட்டதுக்குத்தானே வந்தவ..."

"ஓம் மிஸ். நீங்கள்தான் கூப்பிட்டனீங்கள்."

அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் எடித் திருப்பிச் சண்டை பிடித்து ஆறியிருப்பாள். அவள் எழுந்து நேரே பணிப்பாளரிடம் போனாள். விழாவுக்கும் செயலமர்வுக்கும் நிலையம்தானே அவளைக் கொண்டுபோனது, அந்த நாட்களை வரவாக எடுக்கக் கேட்டு எழுதுவோம் என்று கெஞ்சினாள். பணிப்பாளர் நல்ல மனிதர். யாரையும் கோபித்துப் பேசியவரல்ல.

"எடித், விதி விதிதான். பின்தங்கின பிள்ளை எண்டு சொல்லி அவவுக்காக விதியை வளைச்சால், நாங்கள் அவவைக் குறைச்சு மதிக்கிறம் எண்டு அர்த்தம். நாங்கள் அவவைச் சமனாப் பாக்கவேணும். வரவில்லாத மற்றப் பிள்ளையளை எப்பிடி வெளியில விடுவமோ, அதேமாதிரிச் சமனா வெளியில விடவேணும்."

"சேர், அந்தப் பிள்ளைக்கு ஊரில வேலை காத்துக்கொண்டிருக்கு."

"அதுதான் நான் அவவைச் சும்மா அனுப்பமாட்டன். கௌரவமா அனுப்புவம்."

கௌரவம் வியாழக்கிழமை நடந்தது. பட்டறையில் மற்றவர்கள் மதிப்பீட்டாளர் முன்னிலையில் இயந்திரம் கழற்றிக்கொண்டிருந்த அதே நேரம் மண்டபத்தில் டினோஜாவுக்குப் 'பங்குபற்றியமைக்கான சிறப்புச் சான்றிதழ்' வழங்கினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. ஒரு ஆள் தனியே தூக்க முடியாத அளவு பெரியது, ஆகவே அதைத் தூக்கவும் விருந்தினர் இருவர் உதவினார்கள். பணிப்பாளர் பேசும்போது, இந்தப் பிள்ளை இந்த நிலையத்தில் பங்குபற்றாத நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை என்று சொன்னார். அது முழுக்க உண்மை. பட்டறைப் பக்கமிருந்து அந்தப் பழைய இயந்திரம் திரும்பத் திரும்ப உறுமி எழும்பும் சத்தம் வந்தது. டினோஜா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

திட்டம் பெரிய வெற்றி என்று கொழும்பு அறிவித்தது. நான்கு குழுக்களும் எட்டப்பட்டிருந்தன. எடித்தின் ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. மறுத்துவிடலாமா என்று அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. அது வந்து சேர்ந்தபோது கை கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிய அவள் இலுப்பைக்கடவைக்கு பஸ் ஏறினாள். மன்னிப்புக் கேட்பதென்று நினைத்துத்தான் போனாள். செலீனா ஓடிவந்து கையைப் பிடித்தாள். வீட்டுச் சுவரில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் பணிப்பாளரோடு டினோஜா நிற்கும் படங்கள் வரிசையாக இருந்தன. சான்றிதழ் சுவரில் நிற்காது என்று கட்டிலின் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"உங்களாலதான் மிஸ், என்ர பிள்ளை இவ்வளவு பெரியாக்களுக்குப் பக்கத்தில நிண்டது," என்றாள் செலீனா. "இருங்கோ, சாப்பிடாமல் போகேலாது."

வீங்கிய விரல்களால் சோற்றைப் போட்டு, மீனின் நடுத்துண்டைப் பார்த்து எடுத்து வைத்தாள். எடித் அதைச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயும் கல்லாக இறங்கியது, ஆனால் மிச்சம் வைக்கவும் முடியவில்லை. செலீனா தண்ணீர் எடுக்கப் போன நேரம் அவள் டினோஜாவைப் பார்த்தாள்.

"பிள்ளை, நான்..."

"அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ மிஸ். அவ இன்னும் அது பெரிய சேட்டிபிக்கற் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா." டினோஜா குரலைத் தாழ்த்தினாள். "சங்கத்தில ஒரு வருசத்துக்கு வேற ஆளை விட்டிருக்கினம். அதுக்குப் பிறகும் நான் எடுக்காட்டி அவருக்கே குடுத்திடுவினமாம். நான் திரும்பவும் விண்ணப்பிக்கப் போறன்."

"நான் என்ன உதவி எண்டாலும் செய்யிறன். சொல்லுங்கோ."

"ஓம் மிஸ், ஒரு உதவி வேணும்." அவள் சிரிக்கவில்லை. "எனக்கு உதவி செய்யாதேங்கோ. என்னைத் தெரியாத மாதிரி இருங்கோ."

புதிய ஆண்டு நேர்முகத்துக்குப் பணிப்பாளர் ஒரு புது முறை கண்டுபிடித்திருந்தார். விண்ணப்பதாரர் எங்களிடம் நடந்து வருவது அதிகாரத்தின் அடையாளம், நாங்கள்தான் அவர்களிடம் நடந்து போகவேண்டும் என்று சொல்லி, எல்லோரையும் மண்டபத்தில் கதிரைகளில் இருத்திவிட்டு, தாமதித்து வந்து, வரிசை வரிசையாக நடந்தார். பின்னால் எடித் பேனையோடு போனாள். நடக்க வேண்டியிராத டினோஜா ஒரு கதிரையில் கால்களை உள்ளே மடித்து இருந்தாள். அவளுக்கு மேலே சுவரில் அவளே, பெரிய சாவியோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எடித் அவளைக் கண்டுவிட்டாள். இந்த வரிசைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வழி தேடினாள். பணிப்பாளர் முதலில் ஒரு இளைஞன் முன்னால் நின்றார்.

"உமக்கு ஏதும் குறை இருக்கா?"

"இல்லை சேர்."

"கண்ணாடி போட்டிருக்கிறீர்?"

"வாசிக்க மட்டும் சேர்."

பணிப்பாளர் பெருமூச்சு விட்டு டினோஜாவிடம் வந்தார். அவள் முகத்தை நேரே பார்த்தார். பிறகு, ஏதோ நினைவு வந்தவர்போல, நிமிர்ந்து பதாகையைப் பார்த்தார்.

"பனர் சாய்ஞ்சு நிக்குது, எடித். நேராக்கச் சொல்லும்," என்றார். மறுபடி குனிந்தார். "பிள்ளைக்கு என்ன பேர்?"

"மேரி டினோஜா, சேர்."

"நல்ல பேர். பிள்ளை ஏதும் விசேட குழுவில வருமா?"

"இல்லை சேர்."

அவர் எடித்தைத் திரும்பிப் பார்த்தார். எடித் இதற்கு முன் ஒருபோதும் அவரிடம் பொய் சொன்னதில்லை. உண்மைகளை வைத்துத்தான் இவ்வளவும் செய்திருந்தாள்.

"இல்லை சேர். இவ பொது," என்றாள்.

"பாவம்," என்றார் பணிப்பாளர் மனதார. மாலையும் பொன்னாடையும் இல்லாமல் அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு வருடமாக அவர் அவளுக்குப் பக்கத்தில் நின்று படப்பிடிப்பாளரைத்தான் பார்த்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு எடித்தின் நெஞ்சில் ஒரு பாரம் இறங்குவதுபோல இருந்தது. டினோஜா தலை குனிந்தபடி விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தாள்.

பணிப்பாளர் அடுத்த கதிரைக்குப் போனார். அதில் முசலிப் பக்கத்திலிருந்து வந்த பஸ்மினா இருந்தாள்.

"சேர், எனக்கு ஒரு காது கேக்காது. மற்றக் காது நல்லாக் கேக்கும்," என்று அவர் கேட்குமுன்னமே அவள் சொன்னாள். "வாப்பா மௌத். உம்மாதான் பாக்கிறா. நாங்க இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த ஆக்கள். எனக்கு இஞ்சின் வேலை படிக்க ஆசை."

பணிப்பாளர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"எடித்! நாலும் இருக்கு!"

படப்பிடிப்பாளரைக் கூப்பிட ஆள் ஓடியது. பணிப்பாளர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு யன்னலோரம் போனார். ஒரு நிமிடம் பஸ்மினாவும் எடித்தும் மட்டும் எதிரெதிரே இருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் டினோஜா நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவளை எல்லோரும் பார்ப்பார்கள். அவள் பேசாமலிருந்ததற்கும் காரணம் தான்தான் என்று எடித்துக்குத் தெரிந்தது. இப்போதும் நடந்ததை மண்டபம் கேட்கச் சொல்லலாம், ஆனால் சொன்னால் டினோஜாவும் அகப்படுவாள் என்று ஒரு நியாயம் கையில் இருந்தது. நியாயங்கள் அவளுக்கு எப்போதும் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. அவள் பஸ்மினாவின் கேட்கும் காதுப் பக்கமாகக் குனிந்தாள்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. செவ்வாயும் வியாழனும் வகுப்பை விட்டு வெளியில வராதேங்கோ. ஆர் கூப்பிட்டாலும் வராதேங்கோ. நான் வந்து கூப்பிட்டாலும் வராதேங்கோ."

பஸ்மினா அவளை வியப்போடு பார்த்துவிட்டு, மரியாதையாகச் சிரித்தாள்.

"என்ன மிஸ் இப்படிச் சொல்றீங்க? உங்களாலதான் எனக்கு இடமே கிடைக்குது. நீங்க கூப்பிட்டா நான் எப்படி வராம இருக்கிறது?"